விக்கல் பலன்

மனித குலத்தின் வரலாற்றை இனி நாவடக்கிக்கு முன், நாவடக்கிக்குப் பின் என்று இரண்டாகப் பகுத்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றும், இந்த மாபெரும் செய்தியை அனைவரும் எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் மாநில உளநலப் பேச்சு ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் முனைவர் குலோத்துங்கராசன். இடம், ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். எழுந்து நின்றவர்கள் மாவட்டத்தின் மனநல ஆலோசகர்கள் அத்தனை பேரும். பின்வரிசைக்குச் சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்ததால், வரலாறு இரண்டாகப் பிரிந்த நொடியை அங்கிருந்தவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை.

"இன்று முதல் எந்த ஆலோசகரும் எந்த மனிதருக்கும் அறிவுரை சொல்ல முடியாது! நினைத்தாலும் முடியாது!" என்றார் தலைவர். பிறகு, அறிவுரை ஏன் கூடாது என்பதைப் பற்றிச் சாம்பார் ஆறுகிற வரைக்கும் அறிவுரை சொன்னார். அவர் கழுத்தில் நாவடக்கி இல்லை.

உண்மையைச் சொன்னால், சட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. தூக்கம் வராமல் வந்த பெண்ணிடம் 'ஒரு கல்யாணம் பண்ணிக்க, எல்லாம் சரியாயிடும்', கல்யாணமாகி வந்தவளிடம் 'ஒரு குழந்தை பெத்துக்க', குழந்தையும் கையுமாக வந்தவளிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று சொல்லி அனுப்பியவர்கள் எல்லாரும் முறைப்படி பட்டம் வாங்கியவர்கள்தான். காது கொடுத்துக் கேட்பது தொழில். கேட்பதற்கென்று உட்கார்ந்தவர்கள் வாயை மூடவில்லை என்பதுதான் புகார்.

மிருதுளாவுக்கு இந்தப் புகார் தன்னைப் பற்றியது அல்ல என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது, பெருந்துறை சாலையில் சொந்தமாக ஆலோசனை மையம், நல்ல பெயர். பயிற்சி வகுப்புகளுக்கு அழைத்தால் கண்களை லேசாக மூடிக்கொண்டு, "நான் யாருக்கும் வழி சொல்வதில்லை. விளக்கைப் பிடிக்கிறேன். நடப்பது அவர்கள்" என்பாள். கைதட்டல் வரும் வரை கண்ணைத் திறக்க மாட்டாள்.

மண்டபத்தின் பக்கத்து அறையில் டெக்னீஷியன் ஒருவர் பொத்தான் அளவில் எதையோ எடுத்து அவள் தொண்டையில் ஒட்டினார்.

"இது எப்படிங்க கண்டுபிடிக்கும்?"

"வாயைத் திறக்கறதுக்கு முந்தியே தொண்டைச் சதை அந்த வார்த்தைக்குத் தயாராயிரும் மேடம். அந்த நடுக்கத்தை இது படிச்சுரும். வர்றது அறிவுரைன்னா ஒரு சின்ன அதிர்வு. குரல் அங்கயே நின்னுரும். விக்கலாட்ட ஒரு சத்தம் மட்டும் வெளிய வரும்."

"எனக்கு இது வீண். நான் அறிவுரையே சொல்றதில்லை."

"எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க மேடம். கொஞ்சம் தலையைத் தூக்குங்க."

"நீங்க முதல்ல இதை உங்க தலைவருக்கு..."

விக்.

"வேலை செய்யுதுங்க" என்று டெக்னீஷியன் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று மாலைக்குள் மிருதுளாவின் விளக்கு அணைந்துபோனது. 'காலையில கொஞ்சம் நடந்து பாருங்களேன்' விக்கலாயிற்று. 'நீங்க ஏன் உங்க அண்ணன்கிட்ட மனசு விட்டுப் பேசக் கூடாது?' கேள்வி மாதிரிதான் இருந்தது, அதுவும் விக்கலாயிற்று. அறிவுரையை உள்ளே வைத்துத் தைத்த கேள்விகளையும் கருவி பிரித்துப் பார்த்துவிடும் போலிருக்கிறது. தான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எத்தனை விதமாக வழி சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது இருபது வருடத் தொழிலுக்குப் பிறகு ஒரு பொத்தான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

கருவியை வீட்டிலும் கழற்றக் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் இதே ஊர்க்காரர்கள். காய்கறிச் சந்தையில் பார்த்தால் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே ஆலோசனை நடந்துவிடும் என்பது வாரியத்தின் கவலை. கழற்றினால் அந்த நொடியே உரிமம் ரத்து. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாரியத்தைத் தொலைபேசியில் அழைத்துத் தடையை நீக்கச் சொல்லலாம், வேலை நாட்களில், உணவு இடைவேளை நீங்கலாக. காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் உரிமம் ரத்துதான். கைபேசியில் தட்டி அனுப்பலாமே என்றால், எல்லா ஆலோசகர்களின் கைபேசிக்குள்ளும் வாரியம் ஏற்கெனவே புகுந்து உட்கார்ந்திருந்தது. 'வேண்டாம்' என்று தட்டினால் அந்தப் பக்கம் 'வணக்கம்' என்று போய்ச் சேரும்.

மேகலா முதன்முதலில் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

மேகலாவுக்கு நாற்பத்தோரு வயது. உடுமலைப் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு மேற்பார்வை. முந்நூறு அடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நட்டு முறுக்குகிறவள். அப்படிப்பட்டவள் தரையில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

"யாராச்சும் 'நான் சொல்றதக் கேளு'ன்னு ஆரம்பிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க மேடம். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாமா, சட்டமே இருக்குதாமா. அதான் வந்தனுங்க..."

சொல்லும்போதே மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. உதடு வெளுத்தது. 'மெதுவா மூச்சை இழுத்து விடுங்க' என்று சொல்ல மிருதுளா வாயெடுத்தாள். விக். 'பயப்படாதீங்க.' விக். படிப்பு, பட்டம், அனுபவம் எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக விக்கலாகிக்கொண்டிருந்தன.

வேறு வழி தெரியாமல் மிருதுளா தன் நாற்காலியை மேகலாவுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டாள். வாயை மூடினாள். அறைக்கே கேட்கும்படி நீளமாக மூச்சை இழுத்தாள். அதைவிட நீளமாக விட்டாள். மறுபடி இழுத்தாள். மேகலா அவளையே வெறித்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து அவளுடைய தோளும் அதே வேகத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துருத்தி ஊதிக்கொண்டிருந்தார்கள். வெளியே முகப்பில் வரவேற்பைக் கவனிக்கும் ரஞ்சிதம், உள்ளே ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒண்ணுமே சொல்லாம சரி பண்ணிட்டீங்களே" என்றாள் மேகலா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கதை அதற்கப்புறம்தான் வந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் நடுக்கடலில் புதிதாக நிறுத்தியிருக்கும் காற்றாலை நிலையத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் அங்கேயே தங்கல். பருவத்துக்கு ஒரு முறை கரைக்கு வரலாம். அவள் மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. கணவர், மாமியார், நாத்தனார், சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று குடும்பக் குழுவில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் இதில் கருத்து இருந்தது.

"பொம்பளைக்கு எதுக்குக் கடலுங்கறாங்க பாதிப் பேரு. பெரிய சான்ஸு, விட்டுராதங்கறாங்க மீதிப் பேரு. எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே கேக்க மாட்டேங்குதுங்க. அத்தனை சத்தம்."

'போங்க' என்று மிருதுளாவின் தொண்டை தயாரானது. விக். அடுத்த வாரம், 'மகளை நினைச்சுப் பாருங்க' என்று தயாரானது. அதுவும் விக். தான் இரண்டு பக்கமும் பேசுகிறோம் என்பதைக்கூடப் பொத்தான்தான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தது.

இதற்கிடையே, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆரம்பித்து வைத்தது மிருதுளாவின் கணவர் செந்தூரன். ஒரு காலையில் வாசலில் நின்று, "மேகம் மூடியிருக்கே, குடை எடுத்துக்கட்டுமா?" என்றார். மிருதுளா விக்கினாள். அவர் குடை எடுத்துக்கொண்டார். மழை பெய்தது. அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அதை ஒரு சாத்திரமாக வளர்த்தெடுத்தவள் ரஞ்சிதம். "ஒரு விக்கலுன்னா செய். ரெண்டு விக்கலுன்னா செய்யாத" என்று முகப்பில் காத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். வந்தவர்கள் மனதைத் திறப்பதை நிறுத்தினார்கள். உட்கார்ந்த உடனே, "வேலையை விட்டுறட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பல்லி எந்தப் பக்கம் கத்துகிறது என்று பார்க்கிற அதே பார்வை. விக்கல் வந்ததும் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஒருவர் தன் ஜாதகத்தையே கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார்.

"என்ன ரஞ்சிதம் இது? படிச்சவங்க வர்ற இடம்" என்று மிருதுளா கொதித்தாள்.

"பல்லி சொன்னா கேக்கறோமில்லீங்க்கா? பல்லி என்ன சைக்காலஜில எம்.ஏ.வா படிச்சிருக்குது? நீங்க படிச்சிருக்கீங்க."

"இனிமே வர்றவங்ககிட்ட விக்கலை நம்ப..." விக். "...நம்ப வேண்..." விக்.

"பாத்தீங்களா, ரெண்டு" என்றாள் ரஞ்சிதம். "நம்பாம இருக்கக் கூடாதுங்கறீங்க."

மிருதுளா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சொல்லக் கூடாதது ஊரெல்லாம் பரவுகிறது. அதை மறுக்கவும் விக்கல்தான் இருந்தது. மையத்தில் கூட்டம் மட்டும் சந்தைக்குப் போட்டியாக நின்றது.

அப்படி ஒரு கூட்ட நாளில், மதியச் சாப்பாட்டைப் பாதியில் விழுங்கிவிட்டு மிருதுளா ஓடிவந்து உட்கார்ந்தாள். எதிரே மேகலா. இப்போதெல்லாம் நடுக்கம் குறைந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி, ஏறக்குறைய தனக்குத்தானே சொல்வது போல, "வீட்ல யாருகிட்டயும் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிடட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள்.

மிருதுளாவுக்கு விக்கல் வந்தது. பலமான, முழக்கமான, ஒரே ஒரு விக்கல்.

மேகலா திரும்பி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். மிருதுளா தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். கருவி எதையும் தடுத்திருக்கவில்லை. அது மத்தியானம் விழுங்கிய பூரி.

அடுத்த வாரம் மேகலா வரவில்லை. அதற்கும் அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கைபேசியில் செய்தி வந்தது: 'மேடம், வீட்ல சொல்லாம கிளம்பட்டுமான்னு கேட்டேன்ல. உங்க விக்கல் தெளிவா வந்துச்சு. முடிவெடுத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் ராமேஸ்வரம் ரயில். ரொம்ப நன்றிங்க.'

டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும் ஒரு பெண் பிள்ளை அம்மாவைத் தேடும் காட்சி மிருதுளாவின் கண் முன்னால் வந்தது. அம்மா எங்கே போனாள்? நடுக்கடலுக்கு. ஏன் போனாள்? ஆலோசகர் மத்தியானம் பூரி சாப்பிட்டார். அழைத்துப் பார்த்தாள், மேகலா எடுக்கவில்லை. 'போக வேண்டாம், முதலில் வீட்டில் சொல்லுங்கள்' என்று தட்டி அனுப்பினாள். 'வணக்கம், வணக்கம்' என்று போய்ச் சேர்ந்தது. 'வணக்கம் மேடம்' என்று பதில் வந்தது.

செந்தூரன் வண்டியை எடுத்தார். போகும் வழியில் வாரியத்தை அழைத்தாள். "உங்கள் மன நலமே எங்கள் மன நிறைவு. இன்று விடுமுறை" என்றது ஒரு குரல்.

ஈரோடு சந்திப்பில் செந்தூரன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். உள்ளே ரயில் வந்து நின்றிருந்தது. மேகலா ஒரு பெட்டியையும் தன் கருவிப் பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்! வழியனுப்பவே வந்துட்டீங்களா?"

"மேகலா, நீங்க வீட்ல..." விக்.

"அட, இங்க வந்துமா?"

"அன்னைக்கு வந்த விக்கல்..." விக். "யாழினிகிட்ட சொல்..." விக். "சொல்லிட்டீங்..." விக்.

கேள்விக்குள் அறிவுரை இருப்பது பொத்தானுக்குத் தெரிந்துவிட்டது. மிருதுளா ரயிலைக் காட்டினாள், ஊர்ப்பக்கம் கையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள். பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மனைவியின் தோளைத் தட்டினார்.

"இவிகதானாட்ட இருக்குது, அந்த விக்கல் மேடம். அம்மிணி, எனக்கு மேல் பர்த்து போட்டுட்டானுங்க. டிடிஆருகிட்டச் சொல்லி மாத்திக்கட்டுமா?"

விக்.

"ஒண்ணு. மாத்திக்கலாமாம்" என்று அவர் எழுந்து போனார். இன்னும் நாலைந்து பேர் நெருங்கி வந்து நின்றார்கள். ஒரு பெண்மணி மகளின் வரனைப் பற்றி ஆரம்பித்தார்.

ரயில் ஒரு முறை கூவியது. மிருதுளா மேகலாவைப் பார்த்தாள். இருபது வருடத்துத் தொழிலையும், பெருந்துறை சாலைப் பெயர்ப்பலகையையும் ஒரு கணம் நினைத்தாள். நகத்தைக் கொடுத்துப் பொத்தானைப் பிய்த்து எடுத்தாள். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது.

"அன்பார்ந்த ஆலோசகரே" என்றது அவள் உள்ளங்கையிலிருந்து ஒரு இனிமையான குரல். "உங்கள் உரிமம் ரத்து செய்யப்பட்டது. உங்கள் சேவைக்கு நன்றி."

இத்தனை காலமும் சொல்லாமல் விழுங்கிய அறிவுரை எல்லாம் தொண்டையில் முண்டியடித்தது. மேகலாவுக்கு, யாழினிக்கு, ரஞ்சிதத்துக்கு, வரன் பார்க்கும் பெண்மணிக்கு, முனைவர் குலோத்துங்கராசனுக்கு. அத்தனையையும் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே வந்தது ஒன்றுதான்.

"அது பூரி, மேகலா! மிஷின் இல்லை. பூரி சாப்பிட்டு வந்த விக்கல். அதை நம்பி நீங்க வீட்ல சொல்லாமக் கிளம்பாதீங்க!"

மேகலா டீயை ஒரு மிடறு குடித்தாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பூரின்னு தெரியாதுங்க. மிஷின் இல்லைன்னு தெரியும். மிஷின் விக்கலுக்கு உங்க வலது புருவம் மேல ஏறும். அத்தனை மாசமா உங்க மூஞ்சியத்தானுங்களே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நான் என்ன சொன்னாலும் புருவம் ஏறும். வாய் சொல்லலைன்னாலும் நீங்களும் உள்ளுக்குள்ள எனக்கு எதையோ சொல்லிட்டேதான் இருந்தீங்க. எங்க குழுவுல நாப்பது பேரு, உங்களோட நாப்பத்தொண்ணு."

மிருதுளாவுக்கு முகம் சூடாயிற்று. கழற்றிய பொத்தானை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆனா அன்னைக்கு ஏறலைங்க. அவ்வளவு பெரிய கேள்வி கேட்டேன், உங்க புருவம் அசையவே இல்லை. விக்கல் மட்டும் அது பாட்டுக்கு வந்துச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்தப் பொறப்புல முதல் தடவையா ஒருத்தங்க எனக்கு எந்த வழியும் சொல்ல நினைக்காம நான் பேசறத அப்படியே கேட்டுட்டு உக்காந்திருக்காங்கன்னு. சத்தமெல்லாம் நின்னு போச்சுங்க மேடம். எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே கேட்டுச்சு."

"என்ன தோணுச்சு?"

"போகோணும்னு. சொல்லிட்டுப் போகோணும்னு. அன்னைக்கு ராத்திரியே எல்லாரையும் உக்கார வெச்சுச் சொல்லிட்டேன். எங்க மாமியா ரெண்டு நாளைக்கு என்ற கையில தண்ணிகூட வாங்கல. எங்கூட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கிட்டுத்தான் இருக்கார். யாழினி அழுதா, அப்புறம் பெட்டிய அடுக்கிக் குடுத்தா. நாப்பது பேரும் நாப்பது சொன்னாங்க. ஆனா நெஞ்சு அடிச்சுக்கலைங்க. அதுக்குத்தான் உங்களுக்கு நன்றின்னு போட்டேன். நீங்க எதுக்கு வணக்கம் வணக்கம்னு போட்டீங்க?"

மிருதுளா பதில் சொல்ல வாயெடுத்தாள். இப்போது தடுப்பதற்கு எதுவுமில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மேகலா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்நூறு அடி உயரத்தில் நிற்கிறவளுடைய நிற்பு அது.

"அன்னைக்கு மாதிரி யாரும் நான் பேசறதக் கேட்டதில்லைங்க மேடம்" என்றாள், ரயில் நகரும்போது. "அது எப்படிங்க முடியுது? அதையெல்லாம் படிச்சுத்தான் கத்துக்கறதுங்களா?"

"ம்" என்றாள் மிருதுளா.

ரயில் போய்விட்டது. செந்தூரன் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

பூரி சாப்பிட்ட அன்று மேகலா கேட்ட கேள்வி மிருதுளாவின் காதில் விழவே இல்லை. பூரிக்கு வைத்த கிழங்கு ஊசிப்போயிருந்ததா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.